எச்சமும் முற்றும்: ராசசுந்தரி தேவியின் தன்வரலாற்றில் பிள்ளை வளர்ப்பும் எழுத்துப் பயிற்சியும்

1. ஒரு வாய்பாட்டுத் தொடர்

பெண் படைப்பாளர்களைப் பற்றிய அணிந்துரைகளிலும் அறிமுகவுரைகளிலும் ஒரு வாய்பாட்டுத் தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இன்னார் இல்லறக் கடமைகளையும் ஆற்றினார், எழுத்தையும் கைவிடவில்லை. பிள்ளைகளையும் வளர்த்தார், கலையையும் வளர்த்தார் என்பது அதன் பொது வடிவம். ஆண் படைப்பாளர்களைப் பற்றிய உரைகளில் இது அருகியே வரும். வருமாயினும் குடும்பத்தின் பொருள் நெருக்கடியைப் பற்றியதாக இருக்குமேயன்றிப் பிள்ளைக்குச் சோறூட்டியதைப் பற்றியதாக இராது.

இத்தொடரின் சமூகவியலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் இலக்கணமே ஈண்டு நோக்கத்தக்கது. எண்ணும்மை இரு செயல்களை ஒரே நிரையில் நிறுத்துகிறது. அவ்வாறு இணைக்கப்பட்டவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் கீழ்ப்பட்டதாக அமைவதில்லை. ஒன்றன் நேரம் மற்றொன்றன் நேரத்திலிருந்து பறிக்கப்பட்டது என்னும் செய்திக்கும் அங்கே இடமில்லை. இரண்டும் தனித்தனியே முற்றுப் பெற்றுவிடுகின்றன. 'சமன் செய்தல்', 'இரு தட்டுகள்' போன்ற உருவகங்கள் சொற்கள் வழியாகச் செய்வதை எண்ணும்மை தொடரமைப்பு வழியாகச் செய்கிறது எனலாம்.

பிள்ளை வளர்ப்பின் நடுவே ஒரு திறனைப் பயின்றவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதும்போதும் இவ்வமைப்பையே கையாளுகின்றனரா? இவ்வினாவிற்கு விடை தேடுவதற்கு வங்க மொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படும் 'ஆமார் ஜீபன்' (என் வாழ்க்கை) மிகவும் பொருத்தமான நூல். இதனைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ள வேண்டிய சில தொடரியல் முடிவுகளும் இதே வினாவிலிருந்தே எழுகின்றன.

2. நூலும் சூழலும்

ராசசுந்தரி தேவி ஏறத்தாழ 1809-10இல், இன்றைய வங்காளதேசத்திலுள்ள பாப்னா பகுதியைச் சேர்ந்த போதாஜியா என்னும் ஊரில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் மணமாகி ராம்தியா என்னும் ஊருக்குச் சென்றார். தன்வரலாற்றின் முதல் வடிவம் 1868இல் வெளிவந்தது என்பர். 1876 என்போரும் உளர். விரிவுபடுத்திய வடிவத்தை அவர் 1897இல், எண்பத்தெட்டு வயதளவில் நிறைவு செய்தார். தனிகா சர்க்கார் 1999இல் வெளியிட்ட ஆய்வும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இந்நூலை வங்கத்துக்கு வெளியே பரவலாக அறியச் செய்தன.

பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர் ராசசுந்தரி. முதற் குழந்தை பிறந்தபோது வயது பதினெட்டு. கடைசிக் குழந்தை பிறந்தபோது நாற்பத்தொன்று. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளை அவர் விவரிக்கும் முறை கவனத்திற்குரியது. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பையும் தம் வயதைக் கொண்டே குறித்துச் செல்கிறார். நாட்டு நிகழ்வுகளோ ஆண்டுக் கணக்கோ அங்கு அளவைகளாக வரவில்லை. தாயின் உடலே நாட்காட்டியாகிறது.

அவர் படிக்கக் கற்ற வரலாறு பலரும் அறிந்தது. எனினும் அதன் உறுப்புகளைப் பிரித்துக் காண்பது பின்வரும் ஆய்வுக்குத் தேவை. சிறுமியாக இருந்தபோது பிறந்தகத்தின் புறக்கட்டில் ஆண் பிள்ளைகளுக்கு நடந்த பள்ளியில் அவரும் அமர்த்தப்பட்டார். அங்கே எழுத்துகளின் ஒலிகளைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார். வீடு தீப்பற்றியதோடு அப்பள்ளியும் நின்றுபோயிற்று. பின்னர், இருபத்தைந்து வயதளவில், 'சைதன்ய பாகவதம்' நூலைத் தாம் படிப்பதாகக் கனவு காண்கிறார். அடுத்து, அந்நூலின் சுவடி வீட்டில் எங்கே இருக்கிறதென்பது கணவர் மூத்த மகனிடம் சொன்ன சொல்லால் தெரியவருகிறது. கட்டவிழ்த்த சுவடியிலிருந்து ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் மறைத்து வைக்கிறார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார். ஏட்டின் எழுத்தை ஓலையின் எழுத்தோடும், இரண்டையும் சிறுவயதில் கேட்ட ஒலியோடும் ஒப்பிட்டு ஒவ்வோர் எழுத்தாக அறிகிறார். முக்காட்டுக்குள், இடக்கையில் ஏட்டை வைத்துக்கொண்டு, அடுப்பு வேலைக்கு இடையே நடந்த பயிற்சி இது.

மொழியியல் மாணவர் எவரும் இதனை ஒரு கல்வெட்டுப் படிப்பு முறையாகவே கொள்வர். தெரிந்த வரிவடிவம் ஒன்று, தெரியாத வரிவடிவம் ஒன்று, நினைவிலுள்ள ஒலி வரிசை ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்து வாசிப்பு பிறக்கிறது. இவற்றுள் முதலாவது அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதே நம் பொருளுக்கு முதன்மையானது. எட்டு வயது மகனின் பயிற்சி ஓலை அது. பிள்ளை இல்லாதிருந்தால் நேரம் கிடைத்திருக்கும், ஓலை கிடைத்திருக்காது. இரு தட்டு உருவகம் இவ்விடத்தில் உதவாமற் போகிறது. கருவியைக் கொண்டுவந்ததும் நேரத்தைக் கொண்டுபோனதும் ஒரே வாழ்க்கைநிலைதான்.

3. 'லேக்காபடா' என்னும் தொகை

கல்வி என்பதற்கு வங்க மொழியின் அன்றாட வழக்கு 'லேக்காபடா' என்பது. எழுதுதல், படித்தல் என்னும் இரண்டும் சேர்ந்த தொகை இது. 'எழுதப் படிக்க' என்னும் தமிழ் வழக்கிலும் எழுத்து முன்னும் படிப்பு பின்னுமாகவே நிற்கின்றன. ராசசுந்தரியின் வாழ்வில் இத்தொகை பிளவுபட்டது. 'படா' கைவந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே 'லேக்கா' வந்தது. காரணம் எளிது. படிப்பதற்கு ஒரு கண்ணும் ஒரு கையும் சில நொடிகளும் போதும். அடுப்பின்முன் நின்றபடியே அது இயலும். எழுதுவதற்குத் தாளும் மையும் அமரும் இடமும் இரண்டு கையும் வேண்டும். மறைப்பதற்கும் அது எளிதன்று.

தமிழில் இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'எழுத்தறிவு' என்னும் சொல்லை நாம் இரு திறன்களுக்கும் சேர்த்து வழங்குகிறோம். 'ராசசுந்தரி சமையலறையில் எழுத்தறிவு பெற்றார்' என்று பெயர்த்தால் பிழையில்லாத தொடராகத்தான் தோன்றும். ஆனால் அவர் பெற்றது எழுத்துகளைப் பற்றிய அறிவே. எழுதும் அறிவு அன்று. எழுத்து என்னும் தமிழ்ச் சொல் ஒலியையும் வரிவடிவையும் எழுதும் செயலையும் ஒருங்கே குறிக்கும் பரப்புடையதாதலின் இம்மயக்கம் நேர்கிறது. நூல் முழுதும் ஓடும் ஏக்கத்தின் ஒரு பாதி இவ்வேறுபாட்டில் இருப்பதால், மொழிபெயர்ப்பாளர் 'வாசிக்கக் கற்றார்', 'எழுதக் கற்றார்' என இரண்டையும் பிரித்தே ஆள வேண்டும்.

தமிழ்ப் படைப்புலகிலும் இத்தகைய பிளவுக்கு ஒரு சான்று உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) தம் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சேறியது. முறையான பள்ளிக் கல்வி பெறாத அவர் பின்னர் எழுதப் பழகி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைப் படைத்து, 'ஜகன்மோகினி' இதழையும் நடத்தினார். ராசசுந்தரியிடம் வாசிப்பும் எழுத்தும் பிரிந்து நின்றன. கோதைநாயகியிடம் புனைதலும் எழுதுதலும் பிரிந்து நின்றன. திறன் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் பல சிறு திறன்களின் கூட்டு. வீட்டின் வேலை அவற்றுள் சிலவற்றைத் தடுக்கும், சிலவற்றைத் தடுக்காது.

4. எச்சமாவது எது, முற்றாவது எது?

சமையலறைப் பகுதியைத் தமிழில் தரும் மொழிபெயர்ப்பாளர் இரு தொடர்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

(அ) படித்துக்கொண்டே சமைத்தார்.
(ஆ) சமைத்துக்கொண்டே படித்தார்.

நிகழ்ச்சி ஒன்றே, உண்மை மதிப்பிலும் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஆயினும் முற்றுவினையே காலத்தையும் பால் இடங்களையும் ஏற்பது. தொடரின் உறுதிப்பொருளும் அதன்மேலேயே நிற்கும். எச்சவினை அதனைச் சார்ந்து உடன்வரும். (அ)-வில் சமையல் நடந்த செய்தி சொல்லப்படுகிறது. படிப்பு அதன் பின்னணி. (ஆ)-வில் படிப்பு செய்தியாகிறது. சமையல் சூழலாகச் சுருங்குகிறது. கண்டிக்க வந்த மாமியார் (அ)-வைச் சொல்லுவார்; பாராட்ட வந்த திறனாய்வாளர் (ஆ)-வைச் சொல்லுவார். இருவரும் சொல்லாதது மூன்றாவது ஒன்று: சமைத்தார், படிக்கவும் படித்தார் என்னும் இணைநிலை. மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றில் இப்பகுதியைப் பயிற்சிக்குக் கொடுத்தபோது, பெரும்பாலோர் இந்த மூன்றாவதையே எழுதினர். நடுநிலையானது என்று அதற்குக் காரணமும் கூறினர். இலக்கண அளவில் அது நடுநிலைதான். ஆனால் ஒரு வேலை மற்றொன்றுக்குள் ஒளிந்திருந்தது என்னும் அடிப்படைச் செய்தியை அது அழித்துவிடுகிறது. ஒளிந்திருத்தலைக் காட்டும் ஆற்றல் எச்ச அமைப்புக்கே உண்டு, எண்ணும்மைக்கு இல்லை.

நூலின் பெரும்பகுதியில் வீட்டு வேலையே முற்றாகவும் படிப்பு எச்சமாகவும் அமைவதே பொருத்தம் என்பது என் கருத்து. மாமியார் நோயுற்றுக் கண்பார்வை இழந்த பின் பெருங்குடும்பத்தின் சமையற் பொறுப்பு முழுதும் ராசசுந்தரியின்மேல் விழுந்தது. விருந்தினராலும் குழந்தைகளாலும் தடைப்பட்டுத் தொடர்ந்து இரண்டு நாள் ஒரு பருக்கையும் உண்ணாதிருந்ததையும், அதனை வீட்டில் எவரும் அறியாததையும் அவரே எழுதியிருக்கிறார். உண்பதே எச்சமாகிவிட்ட வாழ்வில் படிப்பை முற்றாக்கிக் காட்டுவது, பிற்காலத்தவராகிய நாம் செய்யும் மரியாதையாக இருக்கலாம். அது அவர் வாழ்ந்த தொடரன்று.

தமிழில் எச்சம் என்பது குறைவினையையும் எஞ்சி நிற்பதையும் குறிப்பதோடு மக்கட்பேற்றையும் குறிக்கும். எச்சத்தைக் கொண்டு தகுதியை அறியும் குறளுக்குப் பரிமேலழகர் நன்மக்களை வைத்தே உரை கண்டார். இதனைச் சொற்பொருள் விளையாட்டாக நீட்டிக்க விரும்பவில்லை. எனினும் ஒரு தாயின் நூலில் எது எச்சம் என்று கேட்கும் தமிழ் வாசகரின் செவியில் இரு பொருளும் ஒலிக்கவே செய்யும்.

உடனிகழ்ச்சி காட்டும் 'கொண்டு' என்பதன் மூலமான 'கொள்' வினையும் இங்குக் கருதத்தக்கது. துணைவினையாக வரும்போது செயலின் பயன் செய்பவரையே சேர்வதை அது காட்டும். தமிழ்த் துணைவினைகளை ஆராய்ந்து இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட நூல் இத்தகைய பொருள் வேறுபாடுகளைத் தெளிவுபடுத்த உதவும். கற்றுக்கொள், பழகிக்கொள், தெரிந்துகொள் எனக் கல்வி வினைகள் பெரும்பாலும் 'கொள்' ஏற்பவை. சமைத்துக்கொடு, சொல்லிக்கொடு, எடுத்துக்கொடு எனப் பெற்றோர் செயல்கள் 'கொடு' ஏற்பவை. வங்க மொழியிலும் இதனை ஒத்த இணை உண்டு. எடுத்தல், கொடுத்தல் என்னும் பொருளுடைய இரு வினைகள் அங்கும் துணைவினைகளாகி, பயன் யாரைச் சேர்கிறது என்பதை வேறுபடுத்துகின்றன.

தாயின் செயல்களுக்குச் சமூகம் எதிர்பார்க்கும் துணைவினை 'கொடு'. கலைப் பயிற்சிக்கு மொழி வழங்கும் துணைவினை 'கொள்'. பெண் ஒருத்தி ஏதேனும் ஒன்றைத் தனக்காகப் பயிலும்போது அதனைக் களவு போலக் கருதும் மனநிலைக்கு இத்துணைவினைகளே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் அம்மனநிலை மொழியில் எங்கே தங்கியிருக்கிறது என்று கேட்டால் இவ்விடத்தைச் சுட்டலாம். ராசசுந்தரி ஓலையைத் தாமே எடுத்துக்கொண்டார், எவரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

இனி, இதற்கு மாறான மற்றோர் அமைப்பும் உண்டு. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலுக்குரிய முற்றையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியக் காலம் முதல் வரும் விதி. 'செய' என்னும் எச்சம் பிறிதொரு வினைமுதலையும் ஏற்கும். 'குழந்தை உறங்க, இவள் எழுதினாள்' என்பது அவ்வகை. கமலா தாஸ் (1934-2009), மலையாளத்தில் மாதவிக்குட்டி, தம் எழுத்து வேலை இரவில் வீடு அடங்கிய பின் காய்கறி நறுக்கும் சமையலறை மேசையில் நடந்ததை நேர்காணலில் குறிப்பிட்டிருக்கிறார். மூன்று ஆண் பிள்ளைகளின் தாய் அவர். அங்கே பயிற்சியும் வளர்ப்பும் உடனிகழ்வதில்லை. ஒன்று முடிந்த பின் மற்றொன்று தொடங்குகிறது. பார்வைக்கு இது எளிதான ஏற்பாடு. ஆனால் எழுதும் நேரம் எப்போது தொடங்கும் என்பதை மற்றொருவரின் வினை முடிவு செய்கிறது. உடனிகழ்ச்சியில் கவனம் பிளவுபடுகிறது; பின்னிகழ்ச்சியில் உறக்கம் போகிறது. எது சிறந்த ஏற்பாடு என்று கூறுவது மொழியியலார் வேலையன்று. இரண்டையும் 'சமன் செய்தல்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது போதாது என்று மட்டும் கூறலாம்.

5. இரவுக் குரல்கள்

நூலில் ஓரிடத்தில் ராசசுந்தரி தம் இரவுகளை விவரிக்கிறார். பகல் வேலை முடிந்து சற்று ஓய்வு கிட்டும் வேளையில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக விழிக்கின்றனர். ஒன்றுக்குச் சிறுநீர் வருகிறது, ஒன்றுக்குப் பசிக்கிறது, ஒன்று மடியில் ஏற விரும்புகிறது. இக்கோரிக்கைகளைப் பிள்ளைகள் கூறுவனவாகவே அடுக்குகிறார் ஆசிரியர். நூலின் நடை சாது பாஷை எனப்படும் எழுத்து நடை. பக்தி நூல்களின் சொற்களஞ்சியம் அதில் நிறைந்துள்ளது. அந்நடையின் நடுவே பிள்ளைகள் அழைக்கும் அழைப்பு வந்து விழுகிறது.

மொழிபெயர்ப்பில் இவ்விடம் எளிதில் கெடும். செந்நடையைக் காக்கும் ஆர்வத்தில் மூன்று வயதுக் குழந்தையை 'அன்னையே, சிறுநீர் கழிக்க வேண்டும்' என்று பேசவைத்தால் படிப்பவர் சிரிப்பர். 'அம்மா, ஒண்ணுக்கு' என்பதே தமிழ்க் குழந்தை சொல்வது. குழந்தைகளோடு பெரியோர் பேசும் மழலை வழக்கு தனியொரு மொழிநடை என்பதை ஃபெர்குசன் 1964இல் ஆறு மொழிகளை ஒப்பிட்டு விளக்கினார். மராத்தியும் அவற்றுள் ஒன்று. வங்க மழலை வழக்கைப் பற்றி ஆஃபியா தில் 1971இல் தனிக் கட்டுரை எழுதினார். இத்தகைய ஆய்வுகள் மொழிபெயர்ப்பாளர் கைக்கு எட்டாமலே இருப்பது வருந்தத்தக்கது. நடை வேறுபாட்டைச் சமப்படுத்திவிட்டால், எழுதுபவரின் தொடர் எங்கே முறிக்கப்பட்டது என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நூலின் பகுதிகள் சிறியவை. ஒவ்வொன்றும் இறைவணக்கச் செய்யுளோடு தொடங்குபவை. பிள்ளைகள் இடையிட்டதால்தான் நூல் இவ்வாறு துண்டுபட்டது என்று கூறத் தோன்றும். தாய்மாரின் எழுத்து இயல்பாகவே துண்டுபட்டது என்னும் கருத்தும் திறனாய்வில் வழங்குகிறது. காலக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. நூலை எழுதும்போது அவர் அறுபதை நெருங்கியவர்; பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். சிறு பகுதி, தொடக்க வணக்கம் என்னும் அமைப்பு அவர் படித்துப் பழகிய வைணவச் சுவடிகளின் வழி வந்ததெனக் கொள்வதே பொருந்தும். சமையலறை அவருடைய வாசிப்பை வரையறுத்தது. எழுத்தின் உருவத்தை வரையறுத்தது அவர் அங்கே வாசித்த நூல். ஒரு படைப்பின் வடிவத்தை நேரடியாக வாழ்க்கைக் குறிப்பிலிருந்து வருவிப்பது பெண் எழுத்தைப் பற்றிய ஆய்வுகளில் மட்டும் இவ்வளவு தாராளமாக அனுமதிக்கப்படுவது ஏன் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

6. தாயின் குரலை ஏற்ற ஆடவர்

வளர்ப்பிலேயே பயிற்சியும் அடங்கிய கலையொன்று நம்மிடம் உண்டு. அது தாலாட்டு. தொட்டிலை ஆட்டும் கையும் பாடும் வாயும் ஒருவருடையவை. கேட்பவர் விழித்திருக்கும்வரை பாட்டு நீள வேண்டும், உறங்கியதும் நிற்கலாம். ஆகவே நீட்டவும் குறைக்கவும் இடந்தரும் அமைப்பு அதற்குத் தேவை. மாமன் தந்த பொருள்களின் அடுக்கு, திரும்ப வரும் விளி, ஒரு சொல் மட்டும் மாறும் அடிகள் ஆகிய வாய்பாடுகள் இத்தேவைக்கு ஈடுகொடுக்கின்றன. முதற் குழந்தைக்குப் பாடியதைவிட நான்காம் குழந்தைக்குப் பாடுவதில் தாயின் கைவசமுள்ள அடிகள் பெருகியிருக்கும். பிள்ளை வளர்ப்பின் ஊடே திறன் வளர்ந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இக்கலைஞர்களின் பெயரை நாம் அறியோம். தொகுப்புகளில் அது நாட்டுப்புறப் பாடல் எனப்படும்.

பெயர் நிலைத்தது பிள்ளைத்தமிழுக்கே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் முதல் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரை, தாயின் குரலை மேற்கொண்ட புலவர்கள் ஆடவர், குமரகுருபரரோ துறவி. அவ்விலக்கியத்தின் அழகைக் குறைத்துக் கூற இது காரணமாகாது. வளர்ப்பு வேலையிலிருந்து விடுபட்ட தாய்க்குரல்தான் செவ்விலக்கியத் தகுதி பெற்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வங்கத்தில் இரவீந்திரநாதரின் 'சிசு' (1903) இதனோடு வைத்து எண்ணத்தக்கது. ஆனால் முற்றிலும் ஒத்ததன்று. மனைவி மிருணாளினி தேவி 1902இல் மறைந்தார். அடுத்த ஆண்டு நோயுற்ற மகள் ரேணுகாவை அல்மோராவுக்கு அழைத்துச் சென்று பேணிய காலத்தில் அக்கவிதைகளுள் பல எழுந்தன. ரேணுகாவும் அவ்வாண்டே இறந்தாள். தாயற்ற பிள்ளைகளின் தந்தை தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பேச்சைப் படைத்தார். அவருடைய திறன் வளர்ச்சியைப் பற்றி எழுதும் எவரும் அவர் பிள்ளை வளர்ப்பையும் கவிதையையும் சமன் செய்தார் என்று எழுதுவதில்லை. எழுதலாம், அல்மோரா மாதங்களைப் பொறுத்தவரை அதற்கு இடமுண்டு. அக்கவிதைகளுட் பலவற்றை அவரே 1913இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். தாம் இருந்த நோயறையை அவ்வாங்கில நூலைக் கொண்டு எவரும் ஊகிக்க முடியாது.

7. வென்ற எழுத்து

ராசசுந்தரி தம் கல்வியை இறைவன் அருளியதாகவே பல இடங்களிலும் கூறுகிறார். தாம் முயன்றதைப் பணிவோடு பின்னுக்குத் தள்ளி, கொடுத்தவனை எழுவாயாக்குகிறார். மேலே கூறிய துணைவினைப் பாகுபாட்டைக் கொண்டு சொல்வதானால், 'கொள்' என வேண்டியதைக் 'கொடு' என மாற்றி உரைக்கிறார். பக்தி மரபில் தோய்ந்தவருக்கு இது இயல்பு, தற்காப்பும் ஆகலாம். இரண்டையும் பிரித்தறியச் சான்றில்லை.

ஆனால் தம்மைக் குறிக்க அவர் ஆளும் ஒரு சொல் இப்பணிவுக்கு உடன்படுவதாக இல்லை. 'ஜிதாக்ஷரா' என்பது அச்சொல். வெல்லப்பட்ட அட்சரங்களை உடையவள், எழுத்தை வென்றவள் என வடமொழித் தொகையை விரிக்கலாம். அட்சரம் என்பதற்கு அழியாதது என்னும் பொருளும் உண்டு. தமிழில் 'கற்றவள்' எனின் வெற்றி போய்விடும். 'எழுத்தறிந்தவள்' எனின் முன்பு கூறிய மயக்கம் வரும். 'எழுத்தை வென்றவள்' என்பது செவிக்குச் சற்று உரத்து ஒலித்தாலும் அதனையே பரிந்துரைப்பேன். மூலத்திலும் அச்சொல் அதன் சூழலில் உரத்துத்தான் ஒலித்திருக்கும். இருபது ஆண்டுக்கு மேல் கருவுறுதலும் பெறுதலும் வளர்த்தலும் பிள்ளைகளுட் சிலரை இழத்தலுமாகக் கழித்த ஒருவர், பெற்றோர் என்னும் நிலையில் எங்கும் பயன்படுத்தாத வெற்றிச் சொல்லை எழுத்தின்முன் பயன்படுத்துகிறார். அதனை மென்மையாக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

இறுதியாக, அவர் எழுதக் கற்ற பகுதி. வெளியூரில் இருந்த மகன் கிஷோரிலால், தன் கடிதங்களுக்குத் தாய் விடை எழுதாதது ஏன் என்று கேட்டுத் தாளும் பேனாவும் மையும் வாங்கி வைத்துவிட்டுச் செல்கிறான். வீட்டு வேலைக்கு நடுவே அவற்றைத் தொட இயலவில்லை. பின்னர்க் கணவரின் கண் மருத்துவத்திற்காக வேறோர் ஊரில் தங்க நேர்ந்து வேலை குறைந்தபோதுதான் எழுத்து படிந்தது. வங்கத்தில் குழந்தையின் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து முதலெழுத்து எழுதவைக்கும் சடங்கை 'ஹாத்தே கொரி' என்பர். நம் ஏடு தொடங்கலுக்கு நிகரானது. மகன் தாய்க்கு அதனைச் செய்துவைத்தான் என்று விளக்கவுரை எழுதும் ஆசை எவருக்கும் வரும். பயிலரங்கில் வந்த படிகளுள் சில 'மகன் எழுதக் கற்றுக்கொடுத்தான்' என்றே பெயர்த்திருந்தன. மூலத்தில் மகன் கொடுப்பவை தாளும் பேனாவும் மையுமே. அவனுக்குரிய 'கொடுத்தான்' என்னும் வினையை அப்பொருள்களோடு நிறுத்திவிட்டு, அடுத்த தொடரைத் தாயை எழுவாயாகக் கொண்டு தொடங்குவதே மூலத்துக்கு இசைந்தது.